சென்னியப்பன் விளைவு

ஜனவரி 30

இந்த டைரியை மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் துறைத் தலைவருக்குக் கொடுத்தார். அவர் திருமூர்த்தி சாரிடம் தள்ளிவிட்டார், சார் என்னிடம் தள்ளிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வயிற்றுப்புண் மாத்திரை விளம்பரம் இருக்கிறது. சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

திருமூர்த்தி சார் என் ஆய்வு வழிகாட்டி. அவருக்கு ஒரே மந்திரம்தான்: "எழுதாதது நடக்கல." ஆளுக்கொரு பச்சை அட்டை நோட்டுக் கொடுத்திருக்கிறார். செய்ததை அன்றன்றே எழுத வேண்டும், அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. வாரக் கடைசியில் பக்கம் பக்கமாகப் பார்த்து, 'பார்த்தேன்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார். என் பச்சை நோட்டில் அவருக்கு அதிக வேலை இருப்பதில்லை. மனசில் இருப்பதை எழுத இந்த டைரி போதும். இதை யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்று பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. ஆறு வருடமும் முடிந்து, இரண்டு நீட்டிப்பும் வாங்கித் தீர்த்தாகிவிட்டது. ஏப்ரல் 10 அன்று ஆய்வுக்குழு கூடுகிறது. அன்றைக்கு உருப்படியாக ஒன்றும் காட்டாவிட்டால் என் பதிவு ரத்து. முனைவர் சென்னியப்பன் என்று பேப்பர் ஓரங்களில் கையெழுத்துப் போட்டுப் பழகியதெல்லாம் வீணாகிவிடும்.

பிப்ரவரி 3

என் ஆராய்ச்சி என்னவென்று வீட்டில் யாருக்கும் இதுவரை விளக்க முடிந்ததில்லை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். பாக்டீரியா வளர்க்கிறேன் என்றதற்கு, "அதுக்கு எதுக்குடா கோயமுத்தூரு, நம்ம தெருச் சாக்கடையே போதுமே" என்றார். டைரிக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஒரு பாக்டீரியாவுக்குள் சில ஆயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே நேரத்தில் புரதமாக்க ஆரம்பித்தால் அது களைத்துச் செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால், எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கிற சில எழுத்துகள் உண்டு. முதல் பகுதி சுவிட்ச். நான் வைத்திருக்கும் சுவிட்சின் மேல் ஒரு காவல் புரதம் உட்கார்ந்திருக்கும். பால் சர்க்கரை உள்ளே வந்தால்தான் அது எழுந்து வழி விடும். வழி விட்டதும் மரபணுவுக்கு ஒரு நகல் எடுக்கப்படும். அந்த நகலின் தொடக்கத்தில் புரதம் கட்டும் இயந்திரம் வந்து உட்காருவதற்கென்று ஆறு எழுத்து இடம் இருக்கிறது. எழுத்துகள் பொருத்தமாக இருந்தால் இயந்திரம் வாகாக உட்கார்ந்து புரதத்தைக் கட்டித் தள்ளும். ஓரெழுத்து பிசகினாலும் நுனியில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு கடனே என்று கட்டும்.

அந்த ஆறு எழுத்தை மூன்று விதமாக மாற்றி மூன்று வகை பாக்டீரியா செய்திருக்கிறேன். கட்டப்படும் புரதம் நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். குறைவாக ஒளிர வேண்டியவனுக்குச் சின்னவன் என்று பெயர், அடுத்தவன் நடுவுலான், பிரகாசமாக எரிய வேண்டியவன் பெரியவன். டிசம்பரில் சின்னவனும் நடுவுலானும் சொன்னபடி ஒளிர்ந்தார்கள். பெரியவன் போன வாரம்தான் தயாரானான். மூன்று பேரும் வரிசையாக ஒளிர்ந்தால் நான் முனைவர்.

பிப்ரவரி 12

பையன்கள் வளரவே மாட்டேன் என்கிறார்கள். காலையில் போட்டால் மதியம் வரை குழாய் தெளிவாகவே நிற்கிறது.

மயிலாத்தாக்காதான் எங்கள் ஆய்வகத்துக்கே சமையல். சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைப்படி பாக்டீரியாவுக்கான சத்துநீரைக் கரைத்து, அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றி, புட்டிக்குப் புட்டி ஆள் பெயர் ஒட்டி, பெரிய குக்கரில் வேகவைத்துத் தருவார். பால் சர்க்கரையை மட்டும் பிற்பாடு நாங்களே சேர்த்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வருகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

இன்று என் குழாய்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, உங்களுது மட்டும் இத்தன சவலையா இருக்குதுங்?" என்று கேட்டார். யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வகுப்பு எடுக்காமல் இருக்க முடியாது. இதுகளுக்கு உயிர் குளுக்கோஸ்தான் அக்கா, ஒரு வாய் குளுக்கோஸ் கிடைத்தால் கிடுகிடுவென்று வளர்ந்துவிடும் என்றேன். பாடப்புத்தகத்தில் இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அதற்குள் டீ வந்துவிட்டது, அக்காவுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அக்கா உச்சுக்கொட்டிக்கொண்டு புட்டி கழுவப் போனார்.

மாலையில் சார் அரைமணி நேரம் திட்டினார். நான் அவருடைய மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீசைக்கு அடித்திருக்கும் கருப்பும் தலைக்கு அடித்திருக்கும் கருப்பும் நிச்சயமாக இரண்டு வேறு கம்பெனி. தலை கருப்பு, மீசை கருநீலம். ஆறு வருடமாகக் கவனித்து நான் உறுதியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 15

அபாரம். மூன்று மணி நேரத்தில் மூன்று குழாயும் கஞ்சி மாதிரி கலங்கிவிட்டன. சத்துநீரும் இந்த முறை நல்ல டீ நிறத்தில் இருக்கிறது. இதே மாதிரியே செய்யுங்கள் அக்கா என்று பாராட்டினேன். அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

பிப்ரவரி 19

ஒளி இல்லை.

பெரியவன் இருட்டு. சரி, புதியவன், பழகவில்லை என்று நினைத்தேன். நடுவுலானும் இருட்டு. டிசம்பரில் மின்னிய சின்னவனும் இருட்டு. பால் சர்க்கரை அளவாகத்தான் போட்டேன். மூன்று பேரும் கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டு, செய்ய வேண்டிய ஒரே வேலையைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர்தான் சரியில்லை. சிறுவாணி வரத்துக் குறைந்ததிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

பிப்ரவரி 26

தண்ணீரை மாற்றினேன். இருட்டு. விளக்கை மாற்றினேன். இருட்டு. மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டேன், அதிலும் பயன் இல்லை, ஃபர்ஹானாவின் கால் விரல் மேல்தான் மேசை இறங்கியது.

ஃபர்ஹானா இரண்டாம் வருட மாணவி. அதே அறை, அதே குக்கர், அதே பால் சர்க்கரை சுவிட்ச். அவளுடைய குழாய்கள் வயல் மாதிரி பச்சைப்பசேல் என்று இருக்கின்றன. ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் அதிர்ஷ்டம் அடிக்கும் என்று அவளிடம் ஆறுதலாகச் சொன்னேன். அவள் ஏன் முறைத்தாள் என்று தெரியவில்லை.

மார்ச் 4

அலமாரியில் இருக்கும் குளுக்கோஸ் டப்பா பாதிக்கு மேல் காலி. இந்த அறையில் யாருடைய வேலைக்கும் குளுக்கோஸ் தேவையில்லை. வெயில் ஏறிவிட்டது, ஃபர்ஹானா மதியம் எலுமிச்சை ஜூஸ் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம். ஆய்வகப் பொருளைக் குடிப்பது தவறு என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

அவள் தன் பையைத் திறந்து சர்க்கரைப் பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள். "நான் வீட்லருந்து கொண்டு வர்றேண்ணா. நீங்க மொதல்ல என் புட்டியில இருந்து கொஞ்சம் எடுத்து உங்க பாக்டீரியாவ வளத்துப் பாருங்க."

அடுத்தவர் சத்துநீரில் வளர்த்தால் அது என் ஆராய்ச்சியாகாது என்று மறுத்துவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மார்ச் 10

ஞாயிறு. அம்மா கொடுத்துவிட்ட எள்ளுருண்டையும் முறுக்கும் வந்தன. முதல் அத்தியாயம் எழுத உட்கார்ந்தேன். முறுக்கு தீரும் வரை எழுத்து ஓடவில்லை, தீர்ந்ததும் தூக்கம் வந்துவிட்டது. நாளைக்கு.

மார்ச் 15

கண்டுபிடித்துவிட்டேன். இது தோல்வியே இல்லை, இதுதான் ஆராய்ச்சி.

மூன்று பேரும் நன்றாக வளர்கிறார்கள், ஆனால் புரதம் கட்ட மறுக்கிறார்கள். அப்படியானால் நான் மாற்றிய எழுத்துகளைச் செல் அடையாளம் கண்டு, தானாகவே அந்த மரபணுவை மூடிவிடுகிறது. டிசம்பரில் ஒளிர்ந்தது அடையாளம் காண்பதற்கு முந்திய அறியாமை. பாக்டீரியாவின் சுயக்கட்டுப்பாடு. இப்படி ஒன்றை இதுவரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. பெயர் வைப்பதில் எனக்குக் கூச்சம்தான், இருந்தாலும் மற்றவர்கள் எப்படியும் அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள் என்பதால் நானே வைத்துவிட்டேன். சென்னியப்பன் விளைவு.

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, இருபது தடவை திருப்பிச் செய், இருபதும் இருட்டாக இருந்தால் பேசலாம் என்றார். ஃபர்ஹானா மறுபடியும் தன் புட்டியைப் பற்றி ஆரம்பித்தாள். பொறாமை எந்த வயதிலும் வரும்.

ஏப்ரல் 2

இருபதும் இருட்டு. ஆறு வருடத்தில் என் கைக்கு ஒரே முடிவு தொடர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை. அக்காவிடம், உங்கள் சத்துநீர் ராசியானது என்றேன். "நம்ம புள்ளைங்கள நாம கவனிக்காம வேற யாருங் கவனிப்பா" என்றார். நல்ல மனுஷி.

நாற்பத்திரண்டு ஸ்லைடு தயார். முப்பத்தெட்டில் என் பெயர் வருகிறது.

ஏப்ரல் 6

குழுவுக்கு வெறும் படம் போதாது, அன்றைக்கே வளர்த்த குழாய்களை நேரில் கொண்டுவந்து காட்டு என்று சார் சொல்லிவிட்டார். பிரச்சினை என்னவென்றால் ஊரில் மாரியம்மன் நோம்பி என்று அக்கா இன்றிலிருந்து விடுமுறை. பதினைந்தாம் தேதிதான் வருவார். என் புட்டிகள் ஒன்றும் மிச்சமில்லை. போகும்போது, "தம்பி, புள்ளைங்கள வெறும் வவுத்தோட போட்றாதீங்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன அர்த்தமோ.

ஏப்ரல் 8

நான்கு வருடத்துக்குப் பிறகு நானே சத்துநீர் தயாரித்தேன். சுவரில் ஒட்டிய செய்முறையைக் கிராம் பிசகாமல் பின்பற்றினேன். குக்கரின் மூடியைத் திருப்பத் தெரியாமல் ஃபர்ஹானாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வெளுத்த நிறத்தில் வந்திருக்கிறது. அக்காவின் கைப்பக்குவம் எனக்கு வராது.

ஏப்ரல் 9

வளர்ச்சி சுமார்தான். பால் சர்க்கரை சேர்த்துவிட்டேன். நாளை கூட்டத்தில் நாடகமாகத் திறந்து காட்ட வேண்டும் என்று குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிட்டேன், பார்க்கவில்லை. இருபது தடவை பார்த்தது போதும்.

ஏப்ரல் 10

என்ன நடந்ததோ அதை எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குக் கூட்டம். சார், துறைத் தலைவர், திருச்சியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கனகவல்லி. நாற்பத்தொரு ஸ்லைடும் நன்றாகவே போயின. செல் தன் மேலாண்மையை யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற வரிக்குத் துறைத் தலைவர் தலையாட்டினார், அல்லது தூங்கி விழுந்தார். திரைச்சீலையை இழுத்து, விளக்கை அணைத்து, நீல விளக்கைப் போட்டேன். "இப்போது நீங்கள் காணப்போவது முழுமையான இருள்" என்று சொல்லிக்கொண்டே அலுமினியத் தாளை உருவினேன்.

சின்னவன் மங்கலாக ஒளிர்ந்தான். நடுவுலான் அதைவிட நன்றாக ஒளிர்ந்தான். பெரியவன் எரிந்த எரிப்பில் துறைத் தலைவரின் சட்டைப் பொத்தான் வரை தெரிந்தது.

என் வாய் பழக்க தோஷத்தில், "ஆக, ஒளி சுத்தமாக இல்லை" என்று அடுத்த வரியைச் சொல்லிவிட்டது.

கனகவல்லி அம்மாதான் முதலில் பேசினார். "ஏம்ப்பா, இவ்வளவு அழகா வந்திருக்கே. இது வரலேன்னு நிரூபிக்கவா நாப்பத்திரண்டு படம் போட்ட?"

சார் தண்ணீர் குடித்தார். இரண்டு டம்ளர்.

முடிவு இதுதான்: எழுத்து மாற்றம் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஆனால் இருபது தடவை இருட்டாக இருந்தது இன்று ஏன் ஒளிர்ந்தது என்று தெரியாமல் எதையும் ஏற்க முடியாது. பத்து நாளில் காரணத்தை ஆதாரத்தோடு எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து.

ஏப்ரல் 11

எழுத மனமில்லை. முறுக்கும் இல்லை.

ஏப்ரல் 13

ஃபர்ஹானாவிடம் போய் நின்றேன். அவள் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து, அந்த இருபது தடவைக்கும் இந்த ஒரு தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தோம். குழாய் அதே, விளக்கு அதே, பால் சர்க்கரை அதே. சத்துநீர் செய்த கை மட்டும் வேறு. என் பச்சை நோட்டில் சத்துநீர் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று அவள் கேட்டாள். எல்லா நாளுக்கும் 'வழக்கம் போல' என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 15

அக்கா நோம்பி முடிந்து கச்சாயமும் பொரி உருண்டையுமாக வந்தார். என் முகத்தைப் பார்த்தவுடனே, "புள்ளைங்க பட்டினியா கெடந்துச்சுங்களா? நானில்லாம சர்க்கரைய யாருங் போட்டா?" என்று கேட்டார்.

எந்தச் சர்க்கரை என்றேன்.

"நீங்கதானுங் தம்பி சொன்னீங்க, குளுக்கோசு கண்டா கிடுகிடுன்னு வளரும்னு. அன்னைல இருந்து உங்க புட்டிக்கு மட்டும் ஆளுக்கொரு கரண்டி போட்டுட்டு வாறனுங். மத்தவீங்க கேக்கலீங்களே, அவீங்களுக்குப் போடல. ஏனுங், பத்தலீங்களா?"

கையில் இருந்த கச்சாயத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் அன்றைக்கு டீயைப் பார்த்ததும் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். குளுக்கோஸ் கையில் இருக்கிறவரை பாக்டீரியா பால் சர்க்கரையை ஏறெடுத்தும் பார்க்காது. உள்ளே வர விடாது, அதனால் காவல் புரதமும் நகராது. நகல் எடுப்பதற்குக் கைகொடுக்க வேண்டிய உதவிப் புரதமும் வராது. முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம். சத்துநீர் டீ நிறமானதும் குளுக்கோஸ் வெந்ததால்தான். எல்லாம் என் கண் முன்னால் இருந்தது, நான் அதைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குச் சொல்லிப் புரியவைத்தேன். நல்ல சாப்பாடு கையிலேயே இருந்தால், வேறு வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய புரதத்தை அது கட்டவே கட்டாது அக்கா, சும்மா சாப்பிட்டுச் சாப்பிட்டுப் படுத்திருக்கும் என்றேன்.

"உங்களாட்டத்தானுங்" என்றார்.

இதில் என்ன ஒப்புமை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஃபர்ஹானா ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஏப்ரல் 16

காரணத்தை எழுதிவிட்டேன். ஒரே பத்தி. 'உதவியாளர் அனுமதியின்றிச் சத்துநீரில் குளுக்கோஸ் சேர்த்ததால் ஏற்பட்ட பிழை.' படிக்க நன்றாக இருந்தது. யார் மேலும் சந்தேகம் வராது, அதாவது என் மேல்.

மதியம் அக்கா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். போன வருடம் சாப்பாட்டுத் தூக்கை ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்ததற்காக, கூட வேலை பார்த்த முருகாத்தாவை சார் ஒரு கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பினார், ஒப்பந்தக்காரர் மறுநாளே வேறு ஆளை அனுப்பிவிட்டார் என்றார். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. "புள்ள காலேஜு ரெண்டாவது வருசமுங். எம்பட பேரு வந்துருமுங்களா?" என்று கேட்டார். பார்க்கலாம் அக்கா என்றேன். அவர் போன பிறகு அந்தப் பத்தியைப் படித்தேன். இந்தத் தடவை நன்றாக இல்லை.

சாயங்காலம் இந்த டைரியைப் புரட்டினேன். பிப்ரவரி 12. குளுக்கோஸ் கிடைத்தால் வளரும் என்று சொன்னேன் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 15ஆம் தேதி இதே மாதிரியே செய்யுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். அனுமதியின்றி என்பது பச்சைப் பொய். பத்தியைக் கிழித்துப் போட்டேன். தண்ணீர், விளக்கு, சிறுவாணி, ஃபர்ஹானா என்று எல்லார் மேலும் பழி போட்டாயிற்று. இதை மட்டும் அந்த மனுஷி மேல் போட எனக்குக் கை வரவில்லை.

ஏப்ரல் 18

ஃபர்ஹானாதான் கேட்டாள்: ஒரு கரண்டி என்றால் எத்தனை கிராம்? அது தெரிந்தால் இருபது தடவை செய்தது பிழையாகாது, குளுக்கோஸ் போட்டால் என்ன ஆகும் என்ற சோதனையாகிவிடுமே.

அக்காவைக் கரண்டியோடு கூப்பிட்டோம். பால்பவுடர் டப்பாவோடு வந்த பிளாஸ்டிக் கரண்டி. முகந்து, விரலால் மேலே ஒரு வழி வழித்துப் போட்டார். பத்துத் தடவை போடச் சொல்லித் தராசில் நிறுத்தோம். எல்லாம் ஐந்து கிராம், கூடினால் குறைந்தால் ஒரு பொட்டு. அதே கரண்டியால் நானும் பத்துத் தடவை போட்டேன். நாலு கிராமும் வந்தது, ஆறு கிராமும் வந்தது. என்னுடையதைக் குறித்துக்கொள்ள வேண்டாம் என்று ஃபர்ஹானாவிடம் கேட்டுக்கொண்டேன். அவள் குறித்துக்கொண்டாள்.

இரண்டு வகைப் புட்டி போட்டிருக்கிறோம். குளுக்கோஸ் போட்ட புட்டியின் கழுத்தில் அக்கா சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 19

நூல் கட்டிய புட்டியில் மூன்று பேரும் இருட்டு. நூல் இல்லாத புட்டியில் மூன்று பேரும் பச்சை, வரிசையாக. ஆறு எழுத்து 'எவ்வளவு' என்று சொல்கிறது, சுவிட்ச் 'எப்போது' என்று சொல்கிறது, சுவிட்சை மூடினால் எழுத்து எவ்வளவு நல்லதாக இருந்தும் ஒன்றும் நடப்பதில்லை. சென்னியப்பன் விளைவு என்று எதுவும் இல்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தவன் ஏழு மணிக்குத்தான் எழுந்தேன். ஒரு அத்தியாயம் முழுதாக முடிந்திருக்கிறது. ஹாஸ்டலில் தின்ன ஒன்றும் இல்லை என்பது தற்செயல்.

ஏப்ரல் 20

காலையில் சாரிடம் அத்தியாயத்தைக் கொடுத்தேன். குளுக்கோஸ் என் சொல்படி சேர்க்கப்பட்டது என்ற வரியில் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மேசை மேல் ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் தட்டச்சாகி, கையெழுத்து மட்டும் பாக்கியாக இருந்தது. மயிலாத்தாள் என்ற பெயர் தலைகீழாகப் பார்த்தாலும் தெரிந்தது. துறை முழுக்க விஷயம் பரவியிருக்கிறது.

"அந்தம்மாவக் காப்பாத்தறதுக்குச் சொல்றியா, நடந்ததச் சொல்றியா?" என்றார்.

நடந்தது என்றேன்.

"எங்க எழுதியிருக்கு?"

பச்சை நோட்டில் இல்லை சார் என்றேன். எழுதாதது நடக்கல என்று சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினார். வேறு ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன், மதியத்துக்குள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

இப்போது மணி பன்னிரண்டு. பிப்ரவரி 12ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே அக்காவும் குளுக்கோஸும். கீழே சாரும் மீசையும். நடுவில் ஒரு விரற்கடை இடம். கத்தரிக்கோலை எடுத்தேன், வெட்டிய பக்கம் செல்லாது என்பது அவர் சட்டம். மையைக் கொட்டலாம் என்று பார்த்தேன், அடித்தலும் செல்லாது. கீழ்ப் பாதியில் ஒட்டும் தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். அதைச் சார் உரிக்க மாட்டார் என்று நம்புகிறேன். உரித்தால் என் கதி அவ்வளவுதான். பதிவை ரத்து செய்ய அவருக்குக் குழுகூடத் தேவைப்படாது.

பயமாகத்தான் இருக்கிறது. டைரியைக் கொண்டுபோகிறேன்.

ஏப்ரல் 23

டைரி இன்றுதான் கைக்கு வந்தது. மூன்று நாளாக நான் சாப்பிட்டது பாதி, தூங்கியது கால்.

அன்றைக்கு சார் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார், படித்துவிட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். இன்று காலையில் மூன்று பேர் கையெழுத்திட்ட குழுவின் கடிதத்தையும், திருத்திய அத்தியாயத்தையும், இந்த டைரியையும் ஒன்றாகக் கையில் கொடுத்தார். பதிவு தொடர்கிறது, ஆகஸ்டுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அத்தியாயத்துக்கான திருத்தங்களை ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். திருப்பிப் பார்த்தேன். ஒப்பந்தக்காரருக்கான கடிதம், கையெழுத்து இல்லாமல்.

முதல் திருத்தம்: செய்முறைப் பகுதியில், குளுக்கோஸை அளந்தவர் என்று மயிலாத்தாள் அவர்களின் பெயரைப் போடவும், ஆய்வாளரைவிட அவர் கை துல்லியம். ஃபர்ஹானா என்னுடைய அந்தப் பத்து எண்களையும் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறாள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பேர எந்தப் பக்கத்துலீங் போடுவாங்க, எம்பட புள்ளைக்குக் காட்டோணும் என்றார்.

ஹாஸ்டலுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் டைரியைத் திறந்தேன். ஜனவரி 30 முதல் ஏப்ரல் 20 வரை ஒரு பக்கம் விடாமல் சிவப்பு மையில் 'பார்த்தேன்', கையெழுத்து, தேதி. பிப்ரவரி 12ஆம் பக்கத்தில் குளுக்கோஸ் வரிக்குக் கீழே கோடு போட்டு, 'ஆதாரம் ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். ஒட்டும் தாளைக் காணோம். மீசை வரிக்கு நேராக, ஓரத்தில், அதே நிதானமான கையெழுத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது.

'தவறான முடிவு. இரண்டும் ஒரே கம்பெனிதான். சரிபார்க்காமல் எழுதக் கூடாது.'